கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் பெரிய கேம் ஓடுமா? செலவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டியது என்ன?

‘இதுல ஜிடிஏ ஓடுமா மச்சி?’

கல்லூரி மாணவர் ஒருவர் கையில் புது லேப்டாப் வந்ததும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். ப்ராஜெக்ட், அசைன்மென்ட், ரெஸ்யூம் எல்லாம் அப்புறம்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இந்தக் கேள்விக்கும் பழைய உறவு உண்டு. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைத்தது இந்த மாவட்டத்தின் காக்களூரில்தான். அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் கட்டத்தில் வந்தவற்றில் இருந்தது 2 ஜிபி ரேம். இப்போது காட்சி மாறியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அதற்காகக் கேட்கப்பட்ட லேப்டாப்பின் தகுதி: இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 ரக சிப், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி.

மணவூரிலும் திருத்தணியிலும் இருந்து மின்சார ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளின் பையில் இருப்பது பெரும்பாலும் இந்த ரக லேப்டாப்தான். அரசு கொடுத்ததாக இருந்தாலும் சரி, கடையில் தவணைக்கு வாங்கியதாக இருந்தாலும் சரி, அதில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது.

‘இதுல ஒண்ணும் ஓடாது, கேமிங் லேப்டாப் வாங்கு’ என்று ஒரு நண்பர் சொல்வார். ‘ஒரு சாஃப்ட்வேர் போட்டா எல்லாம் ஓடும்’ என்பார் இன்னொருவர். முதல் யோசனை வீட்டில் ஒரு கடனில் போய் முடியலாம், இரண்டாவது வைரஸில். இரண்டுக்கும் நடுவே பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: ரேம். அது எத்தனை ஜிபி என்பதோடு, எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம்.

இன்டகிரேட்டட் கிராபிக்ஸ் என்றால் என்ன?

திரையில் தெரியும் படத்தை வரைந்து கொடுப்பது கிராபிக்ஸ் சிப்பின் வேலை. சாதாரண ஃபுல் எச்டி திரையில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. கேம் ஓடும்போது இந்த 20.7 லட்சம் புள்ளிகளுக்கும் என்ன நிறம் என்று விநாடிக்கு 30 முறையாவது கணக்குப் போட வேண்டும். நன்றாக வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமென்றால் 60 முறை. அதாவது ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடிதான்.

கேமிங் கம்ப்யூட்டரில் இந்த வேலைக்குத் தனியாக ஒரு கார்டு இருக்கும். அதற்கென்றே சொந்த நினைவகம், சொந்த ஃபேன், சொந்த மின்சாரம். இன்டகிரேட்டட் கிராபிக்ஸில் இது எதுவும் தனியாக இல்லை. பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே சிப்புக்குள் குடித்தனம் நடத்துகின்றன. ரேம், மின்சாரம், ஃபேன் எல்லாமே இருவருக்கும் பொது. இன்டெல் 2011 ஜனவரியில் கொண்டுவந்த ‘சாண்டி பிரிட்ஜ்’ தலைமுறையிலும், அதே ஆண்டு ஏஎம்டி வெளியிட்ட ‘ஏபியு’ சிப்களிலும் இருந்து இதுவே சாதாரண லேப்டாப்பின் வழக்கமாகிவிட்டது.

அப்படியானால் ஒரே சிப் என்பதுதான் பிரச்சினையா? இல்லை. பிளேஸ்டேஷன் 5-ம் அப்படித்தான். அதிலும் பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே சிப்பில்தான் இருக்கின்றன, 16 ஜிபி நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அது 4கே டிவியில் கேம் ஓட்டுகிறது, நம் லேப்டாப் 720-லேயே மூச்சு வாங்குகிறது. சிப்பின் அளவு ஒரு காரணம். நினைவகத்தின் வேகம் இன்னொரு காரணம்.

ஒரு வாசலா, இரண்டு வாசலா?

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாற எத்தனை பேர் நின்றாலும், சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாளி வந்தால்தானே பரிமாற முடியும்? சமையல்கட்டுக்கு ஒரே வாசல், அதிலும் போகிறவரும் வருகிறவரும் முட்டிக்கொண்டால், பந்தியில் ஆட்கள் சும்மா நிற்பார்கள். இலையில் சோறு ஆறிப்போகும்.

கிராபிக்ஸ் சிப் பரிமாறுகிற ஆள். ரேம்தான் சமையல்கட்டு. ஒரே ஒரு ரேம் ஸ்டிக் மட்டும் போட்ட லேப்டாப் ஒற்றை வாசல் வீடு. இதை ‘சிங்கிள் சேனல்’ என்பார்கள். இரண்டு ஸ்டிக் போட்டால் இரண்டு வாசல், அதாவது ‘டூயல் சேனல்’.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். டிடிஆர்4 3200 வகை ரேம் ஒரு சேனலில் விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவை அனுப்பும். இரண்டு சேனலில் 51.2 ஜிபி. தனி கார்டான என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050-யின் 8 ஜிபி டெஸ்க்டாப் மாடலில் இது 224 ஜிபி. பிளேஸ்டேஷன் 5-ல் 448 ஜிபி. நம் லேப்டாப்பில் இருக்கிற 25.6 ஜிபியையும் கிராபிக்ஸ் முழுசாக எடுத்துக்கொள்ள முடியாது, பிராசசருக்கும் அதிலிருந்துதான் பங்கு.

இதை இன்டெல் நிறுவனமே ஒரு விதத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது. 2020-ல் வந்த ‘ஐரிஸ் எக்ஸ்இ’ கிராபிக்ஸ் அந்தப் பெயரில் திரையில் தெரிய வேண்டுமென்றால் லேப்டாப்பில் டூயல் சேனல் ரேம் இருந்தாக வேண்டும். சிங்கிள் சேனலாக இருந்தால் அதே சிப், அதே லேப்டாப், ஆனால் பெயர் மட்டும் சாதாரண ‘யுஎச்டி கிராபிக்ஸ்’ என்று இறங்கிவிடும்.

அதனால்தான் கடையில் ‘8 ஜிபி ரேம்’ என்று சொல்வதைப் பாதிப் பதிலாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 8 ஜிபி ஒரே ஸ்டிக்கா, 4-ம் 4-ம் சேர்ந்து இரண்டா என்று அடுத்த கேள்வி கேளுங்கள்.

உங்கள் லேப்டாப்பில் எப்படிப் பார்ப்பது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொடுங்கள். கீழே ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற இடத்தில் ‘1 ஆஃப் 2’ என்று இருந்தால் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். அங்கே இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போட்டால் ரேம் 16 ஜிபி ஆகும், வாசலும் இரண்டாகும். கேம் இரண்டு மடங்கு வேகமாக ஓடும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் திக்கித் திணறிய பல கேம்கள் விளையாடும் நிலைக்கு வரும். இந்த ஒரு மாற்றத்தால் குரோமில் இருபது டேப் திறந்து வைப்பது, ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, ஆட்டோகேட், பிளெண்டர் எல்லாமும் சேர்த்துச் சரளமாகும். படிப்புக்கும் சேர்த்துச் செய்கிற செலவு என்று வீட்டில் தைரியமாகச் சொல்லலாம்.

ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறும் முன் நான்கு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலாவது, டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ? ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையவே நுழையாது. டிடிஆர்5-ன் ஒற்றை ஸ்டிக்கைச் சில சாஃப்ட்வேர்கள் ‘2 சேனல்’ என்று காட்டும். அது உள்ளே இரண்டாகப் பிரிந்திருப்பதைச் சொல்கிறது, முழு அகலம் கிடைக்க அதிலும் இரண்டு ஸ்டிக் வேண்டும்.

இரண்டாவது, ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டதா? அப்படியானால் சில மாடல்களில் ஒரு காலி ஸ்லாட் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஏஎம்டி ரைசன் 3 7320யு போன்ற சிப் உள்ள லேப்டாப்களில் ரேமை மாற்றவே முடியாது. அவற்றின் கிராபிக்ஸ் பகுதியும் மிகச் சின்னது, வெறும் 2 யூனிட். வால்வ் நிறுவனத்தின் ‘ஸ்டீம் டெக்’ கையடக்கக் கருவியில் அதுவே 8 யூனிட். பெட்டியின் மேல் ரைசன் என்று ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே இவ்வளவு வித்தியாசம்.

மூன்றாவது, வாரண்டி. லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். அரசு கொடுத்த லேப்டாப் என்றால் கல்லூரியிலும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

நான்காவது, விலை. ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவக சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025-ன் கடைசி மாதங்களில் உலகம் முழுக்க ரேம் விலை கடுமையாக ஏறியது. பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன விலையை நம்பிப் போக வேண்டாம். இரண்டு மூன்று கடையில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரு பைசா செலவில்லாமல் என்ன செய்யலாம்?

ரேம் மாற்ற வழியில்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் ரெசல்யூஷன். 1920-1080-ஐ 1280-720 ஆக இறக்கினால் புள்ளிகள் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறையும். வேலை பாதிக்கும் கீழே போய்விடும். 14, 15 அங்குலத் திரையில் கண் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

அடுத்தது ஷேடோ, ரிஃப்ளெக்‌ஷன், ஆம்பியன்ட் அக்லூஷன், பனிமூட்டம் போன்ற வெளிச்ச ஜாலங்கள். கேமை அதிகம் இழுத்துப் பிடிப்பவை இவைதான். இவற்றையெல்லாம் ‘லோ’ ஆக்குங்கள். டெக்ஸ்சரை மட்டும் கொஞ்சம் யோசித்துக் குறையுங்கள். ரேம் 16 ஜிபி இருந்தால் நடுத்தரத்தில் வைக்கலாம். 8 ஜிபி என்றால் அதுவும் கீழேதான்.

மூன்றாவது, அப்ஸ்கேலிங். ஏஎம்டி 2021 ஜூனில் வெளியிட்ட ‘எஃப்எஸ்ஆர்’, இன்டெல் 2022-ல் கொண்டுவந்த ‘எக்ஸ்இஎஸ்எஸ்’ இரண்டும் சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் உத்திகள். ஃபுல் எச்டி திரையில் எஃப்எஸ்ஆரை ‘குவாலிட்டி’யில் வைத்தால் உள்ளே 1280-720-ல்தான் வரைகிறது, ‘பெர்ஃபாமன்ஸ்’ என்றால் 960-540. முதலாவது ஓகே. இரண்டாவதில் தூரத்தில் நிற்பது எதிரியா மரமா என்று தெரியாமல் போகலாம்.

நான்காவது, பிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு. ஒரு நிமிடம் 55, அடுத்த நிமிடம் 22 என்று ஏறி இறங்குவதைவிட, 30-லேயே நிலையாக ஓடுவது கண்ணுக்கு இதம். கேமின் செட்டிங்ஸிலேயே 30 என்று பூட்டிவிடலாம். இது சூட்டையும் குறைக்கும்.

கடைசியாக, கிராபிக்ஸ் டிரைவரை இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்திலிருந்தே அப்டேட் செய்யுங்கள். சார்ஜரைச் செருகி, விண்டோஸ் பவர் மோடை ‘பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்’ ஆக்கி விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தானாகவே அடக்கி வாசிக்கும்.

திருத்தணி வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு

கோடையில் தமிழகத்தின் அதிக வெயில் பதிவான ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். 40 டிகிரியைத் தாண்டுகிற மத்தியானத்தில், ஏசி இல்லாத அறையில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து விளையாடினால் என்ன ஆகும்?

மெல்லிய லேப்டாப்களின் சிப்புக்கு நீண்ட நேரத்துக்கென ஒதுக்கப்படும் மின்சாரம் பல மாடல்களில் 15 வாட்தான். பிராசசரும் கிராபிக்ஸும் அந்த 15 வாட்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 டெஸ்க்டாப் கார்டு மட்டுமே 130 வாட் வரை எடுக்கும். சூடு ஏறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தை இன்னும் குறைத்துக்கொள்ளும். ‘முதல் பத்து நிமிஷம் சூப்பரா ஓடுது, அப்புறம் இழுக்குது’ என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

மெத்தை, தலையணை, மடி எதுவும் வேண்டாம். மேஜைமேல் வைத்துப் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள். ஃபேன் வாயில் சேர்ந்த தூசியை ஆண்டுக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்யுங்கள். விளையாட்டை ராத்திரிக்குத் தள்ளிப் போடுவதும் ஒரு வழிதான்!

எந்த கேம் ஓடும், எது ஓடாது?

2020-ல் வந்த வேலரன்ட் கேமுக்கு அதைத் தயாரித்த ரயட் நிறுவனம் சொன்ன குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேமும் பழைய இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸும்தான். அதாவது இன்டகிரேட்டட் கிராபிக்ஸை மனதில் வைத்தே செய்த கேம். 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5-ஐ இன்றைய ஐ3, ரைசன் 3 சிப்கள் பலவற்றில் 720-ல், குறைந்த செட்டிங்ஸில் ஓட்டிவிடலாம். முதல் பத்தியில் கேட்ட நண்பருக்கு இதுதான் பதில்.

2022-ல் வந்த எல்டன் ரிங் இழுபறி ரகம். அதன் அதிகாரப்பூர்வக் குறைந்தபட்சத் தேவையே 12 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 1060 கார்டும். 15 வாட் சிப்பும் வேகமான 16 ஜிபி நினைவகமும் கொண்ட ஸ்டீம் டெக்கில், 1280-800 திரையில் அது ஓடுகிறது. 8 ஜிபி சிங்கிள் சேனல் லேப்டாப்பில் அந்த எதிர்பார்ப்பு வேண்டாம்.

என்ன செய்தாலும் ஓடாத கேம்களும் வரத் தொடங்கிவிட்டன. 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’, 2025 மே மாதம் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ இரண்டுக்கும் ரே டிரேசிங் வசதி உள்ள கிராபிக்ஸ் கட்டாயம். அந்த வசதி இல்லாத சிப்பில் செட்டிங்ஸை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை.

இடத்தையும் கணக்கில் வையுங்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் சுமார் 238 ஜிபி என்றுதான் காட்டும். பெரிய கேம்கள் பல இன்று 100 ஜிபியைத் தாண்டுகின்றன. இரண்டு கேம் போட்டால் ப்ராஜெக்ட் ஃபைலுக்கு இடம் இருக்காது.

சந்தேகமா? ஸ்டீமில் வாங்கி ஓட்டிப் பாருங்கள். வாங்கிய 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

லேசான கேம் என்றால் மட்டம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லி, புட்டு, பிரியாணி வழியே சொல்லும் ‘வெண்பா’, 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதை அறிமுக விளையாட்டுப் பிரிவில் வென்றது. அது சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும்.

ஏமாறக்கூடாத இடங்கள்

‘உன் லேப்டாப்பில் வீடியோ மெமரி 128 எம்பிதான் இருக்கு, ரெஜிஸ்ட்ரியில இந்த நம்பரை மாத்து’ என்று ஒரு வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்டெல் கிராபிக்ஸ் தேவைக்கு ஏற்ப ரேமிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும். அந்த 128 எம்பி என்பது தொடக்க ஒதுக்கீடு மட்டும்தான். ரெஜிஸ்ட்ரியில் எண்ணை மாற்றினால் காட்டப்படும் எண் மாறும், நினைவகம் மாறாது. ‘இவ்வளவு வீடியோ மெமரி வேண்டும்’ என்று அடம்பிடித்துத் திறக்க மறுக்கும் சில பழைய கேம்களைச் சமாளிக்க அது உதவலாம், வேகத்துக்கு உதவாது.

ஏஎம்டி லேப்டாப்கள் சிலவற்றில் பயாஸில் இந்த ஒதுக்கீட்டை உண்மையிலேயே கூட்டலாம். ஆனால் மொத்தமே 8 ஜிபி இருக்கும்போது கிராபிக்ஸுக்கு 4 ஜிபி எழுதி வைத்தால், விண்டோஸும் கேமும் மீதி 4 ஜிபியில் நெருக்கியடிக்கும்.

‘ரேம் பூஸ்டர்’, ‘எஃப்பிஎஸ் பூஸ்டர்’ என்று வருபவற்றுக்கு விலாசம் தெரியாத தளங்களிலிருந்து டவுன்லோட் செய்யாதீர்கள். கிராக் செய்த கேம்களுக்கும் இதே எச்சரிக்கைதான். ‘ஆன்டி வைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணு’ என்று சொல்லும் எதுவும் உங்கள் நன்மைக்காகச் சொல்வதில்லை. அதே லேப்டாப்பில்தான் உங்கள் நெட் பேங்கிங்கும் இமெயிலும் இருக்கின்றன.

கிளவுடில் விளையாடலாமா?

கேம் வேறெங்கோ ஒரு சர்வரில் ஓடும், படம் மட்டும் வீடியோவாக உங்கள் திரைக்கு வரும். அதுதான் கிளவுட் கேமிங். உங்கள் லேப்டாப்பின் கிராபிக்ஸ் பற்றிய கவலையே இல்லை. கவலை இணையத்துக்கு இடம் மாறிவிடும். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் வீடியோ வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி தீரும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் பேக் அரை மணி நேரத்துக்குள் காலி. வீட்டில் நிலையான ஃபைபர் இணைப்பு இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். ஹாட்ஸ்பாட்டை நம்பி மாதச் சந்தா கட்ட வேண்டாம்.

அப்படியானால் கேமிங் லேப்டாப் எப்போது வேண்டும்?

அன்ரியல் என்ஜினில் கேம் உருவாக்கப் படிப்பவர், 3டி அனிமேஷனை வேலையாக எடுத்துக்கொள்பவர், என்விடியாவின் கூடா வசதியை வைத்து லேப்டாப்பிலேயே ஏஐ மாடல்களைப் பழக்க நினைப்பவர் ஆகியோருக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவைப்படும். அது அவர்களுக்குத் தொழில் கருவி, கடன் வாங்கினாலும் அதில் நியாயம் இருக்கிறது. வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம் விளையாடுபவர் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டார்.

புதிதாக வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. ‘ரேடியான் 780எம்’ போன்ற பெரிய இன்டகிரேட்டட் கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் 12 யூனிட்கள் இருக்கின்றன. அதோடு டூயல் சேனலில் 16 ஜிபி ரேம் இருந்தால், ஐ3 லேப்டாப்பில் திணறும் கேம்கள் பலவும் நன்றாகவே ஓடும். சிப்பின் பெயரையும் ரேம் எத்தனை சேனல் என்பதையும் பில் போடும் முன் கேட்டு வாங்குங்கள்.

இன்று ராத்திரி செய்ய வேண்டியது இவ்வளவுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸ்லாட்டைப் பாருங்கள். டிரைவரை அப்டேட் செய்யுங்கள். ரெசல்யூஷனை 720 ஆக்கி, ஷேடோவைக் குறைத்து, 30 பிரேமில் பூட்டி ஓட்டிப் பாருங்கள். அதற்கும் திணறினால், ஸ்லாட் காலியாக இருக்கும்பட்சத்தில் ஒரு ரேம் ஸ்டிக் விலையை விசாரியுங்கள். ஷோரூமில் கேமிங் லேப்டாப்பின் தவணைக் கணக்கைக் கேட்பதெல்லாம் இதற்கெல்லாம் பிறகு.